மாமாவின் தோணிக்கு அடி ஒட்டிய விதம்

பைபர் தோணியின் அடியில் போட்ட ஒட்டு நல்லதா கெட்டதா என்பதை, அது முடிந்த நாளில் கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. மேலே நிறம் பூசிவிட்டால் ஐந்து அடுக்குக் கண்ணாடி நாருக்கும் வெறும் பட்டிக்கும் ஒரே பளபளப்புத்தான். ஆனி மாதக் கச்சான் காற்றுக் காலத்தில் நான் போட்ட ஓர் ஒட்டு, மார்கழி மழையில் வாவி நிரம்பி முகத்துவாரம் வெட்டிவிடும் காலத்தையும் கடந்து, இன்றைக்கும் உட்புறம் ஈரம் கசியாமல் நிற்கிறது. செய்த முறையை எழுதி வைக்கத் துணிந்தது அதனால்தான். ஒட்டிய மறுநாளே எழுதியிருந்தால் அதில் முறை இருந்திருக்கும், சான்று இருந்திராது. செய்முறை பெரிதா விளைவு பெரிதா என்ற கேள்வியும் இந்த வேலையோடு கூடவே வந்தது.

தோணி என் மாமாவுடையது; மட்டக்களப்பு வாவியின் குருக்கள்மடத்துக் கரையில் நிற்கிறது. பதினாறு அடி நீளம், நடுவில் மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், இயந்திரம் கிடையாது. ஆழம் குறைந்த இடங்களில் கம்பு ஊன்றியும் மற்ற இடங்களில் சவள் போட்டும் செலுத்துவார். இறாலுக்கும் ஓராவுக்கும் வலை விட்டுவிட்டு விடியற்புறம் திரும்பியதும், சிப்பி ஓடு கலந்த மணலில் அதை இழுத்துக் கரையேற்றுவது வழக்கம். அந்த இழுவையில் தோணியின் முன்முனையான அணியத்துக்குச் சற்றுப் பின்னே இடப்பக்க அடி தேய்ந்து, பின்னர் வெடித்து, கடைசியில் கசியத் தொடங்கிற்று. அதற்கு முன்னரே அந்த இடத்தில் கூலிக்கு ஓர் ஒட்டுப் போடப்பட்டிருந்தது. அரை நாளில் முடிந்த வேலை. தடவிப் பார்த்தால் விளிம்பு விரலில் தட்டுப்படாது. நிறமும் இம்மியளவு பிசகாமல் பொருந்தியிருந்தது. ஒரு மாரி முடிவதற்குள் அதே இடத்தால் மறுபடியும் தண்ணீர் வந்தது.

பழைய ஒட்டைப் பிரிப்பதில்தான் வேலை தொடங்கியது. நான்கரை அங்குலக் கிரைண்டரில் முப்பத்தாறாம் இலக்க அரத்தட்டைப் பொருத்தி மெல்ல அரைத்துக்கொண்டு போனபோது, முதலில் நீல நிறம், அதன் கீழே பழைய பச்சை, அதற்கும் கீழே சாம்பல் நிறப் பட்டி என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. அந்தப் பட்டி, வாகனங்களின் நசுங்கலை நிரப்பப் பூசுகின்ற வகை. அது நீரை உறிஞ்சும். நாளெல்லாம் வாவியில் மிதக்கும் ஒன்றின் அடிக்குப் பூசத்தக்கதன்று. ஆயினும் அது மட்டுமே காரணமாக இருக்கவில்லை. பட்டியையும் அகற்றி மூல அடியை எட்டியபோது, தோணியைக் கட்டிய காலத்துக் கண்ணாடி நாரே வெள்ளை வெளேரென்று தெரிந்தது. ரெசின் என்ற இறுகும் பிசின் நன்றாக ஊறிய நார் கண்ணாடி போல ஒளியை விடும். ஊறாத நார்தான் வெள்ளையாக நிற்கும். விரல் நகத்தால் கிள்ளினேன். இழை இழையாகக் கையோடு வந்தது. கட்டியவர் ரெசினைச் சிக்கனப்படுத்தியிருக்கலாம், அல்லது ரோலரை உருட்டி அழுத்த நேரமில்லாதிருந்திருக்கலாம். எதுவாயினும், வெளியே ஜெல்கோட் என்ற நிற மேற்பூச்சின் வழுவழுப்புக்குள் அது இத்தனை ஆண்டுகள் ஒளிந்திருந்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்திய காலத்தில் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த தோணிகளில் இதுவும் ஒன்று. அலை கொண்டுபோன படகுகளுக்கு ஈடாக அப்போது நாடெங்கும் பைபர் படகுகள் விரைந்து கட்டப்பட்டன. அவற்றுள் தரம் குறைந்தவை இருப்பதை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு அந்நாட்களிலேயே சுட்டிக்காட்டியது. தொழில் இழந்து முகாமில் இருந்தவருக்குப் படகு உடனே வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் விளைவு என்பது கையளித்த படகுகளின் தொகையாக மட்டும் எண்ணப்பட்டபோது, ரெசின் ஊறியதா என்று குனிந்து பார்க்கிற வேலைக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லாமற் போயிற்று. நான் நகத்தால் கிள்ளி எடுத்தது அந்தக் கணக்கில் வராத பகுதி.

உறுதியான அடி தென்படும்வரை வெட்டி எடுத்ததில், இருபத்திரண்டு சென்ரிமீற்றர் நீளமும் பதினான்கு சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஓட்டை ஆயிற்று. சிறு வெடிப்பை மூட வந்து பெரிய ஓட்டை போடுகிறானே என்று மாமா அருகில் நின்று பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. “உள்ளதையும் வெட்டிப் போட்டா மறுகா என்னத்தில ஒட்டுற மருமகன்?” என்று மட்டும் கேட்டார். நல்ல தளத்தில் ஒட்டத்தான் கெட்ட தளத்தை வெட்டுகிறேன் என்று சொல்லி, வெட்டிய துண்டை அவர் கையிலே கொடுத்தேன். அவரும் நகத்தால் கிள்ளிப் பார்த்தார். அதன் பின்னர் கேள்வி இல்லை.

அடியின் தடிப்பு நாலரை மில்லிமீற்றர் இருந்தது. பொலியெஸ்ரர் ரெசின் பழைய இறுகிய தளத்தோடு இரசாயன முறையில் இணைவதில்லை. சொரசொரப்பான பரப்பைக் கவ்விப் பிடிப்பதாலேயே நிற்கிறது. ஆகவே அது கவ்வுவதற்கு அகன்ற பரப்பு வேண்டும். தடிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு விளிம்பைச் சரிவாக அரைப்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அதன்படி ஐந்தரை சென்ரிமீற்றர் சுற்றிலும், தோணியின் உட்புறத்திலிருந்து அரைத்தேன். உட்புறத்தைத் தெரிந்தெடுத்தது காரணத்தோடுதான். தோணியை நிமிர்த்தியே வைத்து, குனிந்து நின்று வேலை செய்யலாம். ரெசின் தலைக்கு மேலிருந்து வடியாது. வெளியே ஒரு தகட்டை அண்டக் கொடுத்துவிட்டால், அந்தப் பக்கம் தானாகவே வழுவழுப்பாக அமைந்துவிடும்.

கண்ணாடித் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. முழுக்கைச் சட்டை, முகக்கவசம், மூக்குக் கண்ணாடியைவிட நன்றாக மூடும் வேலைக் கண்ணாடி ஆகிய மூன்றும் இல்லாமல் கிரைண்டரைத் தொடவே கூடாது. கச்சான் எழுந்தால் தூசி அரைப்பவர் முகத்துக்கே திரும்பும். குளிக்கும்போது முதலில் குளிர்ந்த நீரை ஊற்றித் தேய்க்காமல் கழுவிவிட்டால் அரிப்புக் குறையும்.

அரைத்த பின் உடனே ஒட்டவில்லை. இதுவே மாமாவின் பொறுமையைச் சோதித்த கட்டம். வாவி நீர் உவர். உப்பு, பரப்பில் இருக்கும்வரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கிணற்று நீரால் பலமுறை கழுவி, தென்னை ஓலை நிழலும் வெயிலும் மாறி மாறிப் படும் இடத்தில் தோணியைச் சாய்த்து விட்டோம். காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு சிறு சோதனை இருக்கிறது. தெளிந்த பொலித்தீன் துண்டொன்றை அந்த இடத்தின்மேல் விரித்து, நான்கு பக்கமும் ஒட்டும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, வெயிலில் விட வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் பொலித்தீனின் உட்பக்கம் வியர்க்கும். முதலில் வியர்த்தது, கழற்றிக் காயவிட்டோம், மறுபடியும் ஒட்டினோம். வியர்வை நின்ற பிறகே ரெசின் வாளியைத் திறந்தேன். அந்த நாட்களில் மாமா பக்கத்துக் கரையில் ஒருவரின் தோணியைக் கேட்டு வாங்கி, பிடித்ததில் ஒரு பங்கு கொடுத்துத் தொழில் பார்த்தார்.

பலனைக் கருதாமல் கருமத்தைச் செய் என்று கோயில் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தச்சு வேலையோ தையலோ பழகுகிறவர்கள் பலரும், செய்து முடித்த பொருளைவிடச் செய்கிற வேளைதான் தமக்கு இன்பம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கும் அரைத்து, அளந்து, ஒட்டுகிற வேளை இன்பமாகவே இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆயினும் அந்த இன்பத்துக்கான நாட்களை நான் மாமாவின் வருமானத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். என் வேலை சம்பளத்தோடு வேறிடத்தில் இருக்கிறது. அவருக்குத் தோணி நிற்கிற நாள் அடுப்பும் நிற்கிற நாள். செய்முறைதான் பெரிது என்று சொல்லும் உரிமை, விளைவுக்காகக் காத்திருக்க வசதியுள்ளவருக்கு எளிதாகக் கிடைத்துவிடுகிறது. அவர் பொலித்தீனின் வியர்வையைத் தாமே வந்து குனிந்து பார்த்து, “இன்னும் ஈரந்தான், விடு” என்று சொன்ன நாளிலேதான் எனக்கு அந்த உறுத்தல் குறைந்தது. ஈரத்தின்மேல் ஒட்டினால் என்ன ஆகும் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர். முன்னைய ஒட்டுக்குக் கூலி கொடுத்தவரும் அவர்தான்.

வெளிப்பக்கத்துக்கு மெல்லிய ஃபோர்மைக்காத் தகடு ஒன்றை வெட்டி, மெழுகை மூன்று தரம் பூசித் துடைத்து, அடியின் வளைவுக்கு ஏற்ப அழுத்தி, மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்தேன். தகட்டின்மேல், ஓட்டையின் அளவுக்குக் கருநீல ஜெல்கோட்டைத் தூரிகையால் பூசி, விரலில் ஒட்டியும் கறை படியாத பதம் வரும்வரை விட்டேன். கருநீலத்தைத் தெரிந்தெடுத்ததன் பயன் பின்னர் தெரியவரும்.

450 கிராம் மேட் (கண்ணாடி நார்ப் பாய்) என்று கடையில் சொல்வது ஒரு சதுர மீற்றரின் நிறை. இறுகியபின் ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பு வரும். நாலரை மில்லிமீற்றருக்கு ஐந்து அடுக்கு, அதன்மேல் சற்று அகன்று மூடுவதற்கு இரண்டு. மேட்டைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழித்தேன். கிழித்த ஓரம் நார் பிரிந்து மெலிந்திருப்பதால் பக்கத்துப் பரப்போடு படிந்துவிடும்; வெட்டிய ஓரம் வரப்புப் போல எழும்பி நிற்கும். சிறிய துண்டை முதலில் வைப்பதா பெரியதை முதலில் வைப்பதா என்பதில் இந்தத் தொழிலில் இரண்டு கட்சி உண்டு. நான் பெரிய துண்டையே முதலில் வைத்தேன். அரைத்த சரிவு முழுவதையும் ஒரே துண்டு தொட்டுக் கவ்வட்டும் என்பதே எண்ணம்.

கலவையில்தான் இந்த ஊர் வெயிலுக்குக் கணக்கு வேண்டும். ரெசினின் நிறையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை, அதை இறுகச் செய்யும் ஹார்ட்னர் சேர்ப்பது வழக்கம். முற்பகலில் இரண்டு வீதம் கலந்த முதற் கிண்ணம், பாதி பூசுவதற்குள் களியாகி, பிறகு கைபொறுக்காத சூடாகிப் புகைந்தது. அடுத்தவற்றை விடியற்காலையில், கச்சான் கிளம்புமுன், இருநூறு கிராம் ரெசினுக்கு இரண்டு மில்லிலீற்றர் என்று ஊசி போடும் சிறிஞ்சால் அளந்து கலந்தோம். வேலைக்குக் கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தது. வெயிலுக்குப் பயந்து ஒரு வீதத்துக்கும் கீழே இறங்கினால் ரெசின் என்றைக்கும் முழுதாக இறுகாது. ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம் என்பதையும், இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டைத் தனியே வாங்கினால் அதை ஒருபோதும் ஹார்ட்னரோடு நேரே கலக்கக்கூடாது, தீயோ வெடிப்போ உண்டாகும் என்பதையும் கடைக்காரர் சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டும். நான் வாங்கியது கோபால்ட் சேர்த்தே வரும் ரெசின்.

பரப்பில் முதலில் ரெசினைத் தடவி, மேட்டை அதன்மேல் வைத்து, மேலிருந்தும் ரெசினைத் தட்டித் தட்டி ஊட்ட வேண்டும். தூரிகையை இழுத்தால் நார் கலைந்துவிடும். சில நொடிகள் மேட் விறைப்பாகவே நிற்கும். பிறகு நாரைப் பிணைத்திருக்கும் பசை கரைந்து, சட்டென்று தளர்ந்து, அடியின் வளைவோடு படிந்து விடும். வெண்மை மறைந்து கீழேயுள்ள கருநீலம் மேலே எழும்பி வருவது அப்போதுதான். எங்கே நீலம் தெரியவில்லையோ அங்கே காற்று இருக்கிறது அல்லது ரெசின் போதவில்லை. வரிவரியான இரும்பு ரோலரை மாமாவின் கையில் கொடுத்தேன். வலைக்கண்ணில் அறுந்த முடிச்சைத் தேடிப் பழகிய கண் அவருடையது. நான் முடிந்தது என்று எண்ணிய இடத்திலும் அவர் ஊசிமுனையளவு வெள்ளைப் பொட்டு ஒன்றைக் கண்டுபிடித்து, அது விளிம்புக்கு ஓடி உடையும்வரை உருட்டினார். அவசரப்படுத்தியது நான்தான், கிண்ணத்தில் மீதி ரெசின் இறுகுகிறதே என்று.

ஏழு அடுக்கையும் ஒரே மூச்சில் ஏற்றினால் சூடேறி அடி வளைந்துவிடும். மூன்றை ஏற்றி நிறுத்தி, மறுநாட் காலையில் மற்றவற்றை ஏற்றினோம். காற்றுப் படும் ரெசினின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். அது குறையன்று, அடுத்த அடுக்குப் பிடிப்பதற்கு உதவியே. கடைசி அடுக்கின்மேல் மட்டும், காற்றுப் படாமல் இருக்கப் பொலித்தீனை விரித்து விட்டோம். அது இறுகியபின் அசிற்றோன் நனைத்த துணியால் துடைத்தால் பிசுபிசுக்கக்கூடாது. பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். திண்ணமான இடத்தில் கணீரென்ற ஒலி, உட்பிரிந்த இடத்தில் மந்தமான ஒலி. இங்கே முழுவதும் ஒரே ஒலி கேட்டது.

தகட்டைக் கழற்றியபோது வெளிப்பக்கம் அரத்தாளே படாமல் வழுவழுப்பாக இருந்தது. உட்பக்கம்தான் அழகில்லை: ஓரம் மேடு பள்ளம், நார் தெரியும், நிறமில்லை. அரைத்துச் சமன் செய்து, தோணியின் உட்புறச் சாம்பல் நிறத்தையே பூசிவிடலாம் என்று நிறத்தையும் வாங்கி வைத்திருந்தேன். மாமா தடுத்துவிட்டார்.

“பெயின்ற் அடிச்சாத் தெரியாது மருமகன். எனக்குத் தெரிய வேணும்.”

அவர் சொன்னதில் தொழில்நுட்ப நியாயம் முழுமையாக இருந்தது. நிறம் பூசாத அடுக்கு ஒளியை விடும்; அடியில் கருநீலம். எங்கேனும் அடுக்குப் பிரிந்தால் அந்தக் கருமையின்மேல் வெண்படலமாகத் தெரிந்துவிடும். உள்ளே கிளம்பும் நார்முனைகள் காலில் குத்தாதபடி மட்டும் அரைத்து, மெழுகு கலந்த ரெசினை ஒரு பூச்சுப் பூசி விட்டோம். முன்னைய ஒட்டு, தான் செய்யப்பட்ட விதத்தை மறைப்பதற்கென்றே முடிக்கப்பட்டது. இதை முடித்திருக்கும் விதத்தால், செய்முறை இன்றும் தோணியின் அடியில் கண்ணுக்குத் தெரிகிறது; வலை ஏற்றும்போது அவர் ஒவ்வொரு நாளும் பார்க்கிறார். செய்முறை, விளைவு இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், இந்த வேலையில் இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே என்று நான் திருப்பிக் கேட்பேன். ஊறிய நாரும் விரட்டிய காற்றும் எந்த நேரத்தில் செய்முறையாக இருந்து எந்த நேரத்தில் அடியாக மாறின?

தண்ணீரில் இறக்குமுன் ஒரு வாரத்துக்கு மேல் காயவிட்டோம். கையால் தொட இறுகியதற்கும் முழுதாக இறுகியதற்கும் இடையே அத்தனை தூரம் இருக்கிறது.

செலவு, நான் வாங்கிய நாள் விலையில்: ரெசின் இரண்டு கிலோ 2,900 ரூபாய், மேட் ஒரு கிலோ 1,600, ஹார்ட்னர் 450, அசிற்றோன் ஒரு லீற்றர் 1,500, அரத்தட்டுகள் 900, தூரிகைகள் 600, கண்ணாடியும் கையுறையும் முகக்கவசமும் 1,900, மெழுகும் சில்லறையும் 500, ஆக 10,350. ஜெல்கோட்டும் ரோலரும் தெரிந்த ஒருவரிடம் இரவல். இதில் ஒட்டில் உண்மையாகச் சேர்ந்தது கால் கிலோவுக்குக் குறைந்த மேட்டும் அறுநூறு கிராமளவு ரெசினும்தான். மேட்டின் ஒரு பங்குக்கு ரெசின் இரண்டரைப் பங்கு என்று நிறைக் கணக்குப் போட்டிருந்தால் ஒரு கிலோ ரெசினோடு முடித்திருக்கலாம். எப்பொக்சி ரெசின் பழைய தளத்தை இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் விலை பல மடங்கு. வாவித் தோணி ஒன்றுக்கு அது வேண்டாம் என்பதே என் முடிவு.

அடுத்த முறை முதல் நாளிலேயே நாணயத்தை எடுத்துத் தோணி முழுவதையும் தட்டிப் பார்ப்பேன். கசிந்த இடத்தை மட்டுமே பார்த்தபடியால், அதே கைகள் அதே அவசரத்தில் கட்டிய மற்றப் பக்கத்தைப் பற்றி எண்ணவில்லை. மாரி முடிந்தபின் மாமாவே நாணயத்தால் தட்டி, வலப்பக்கத்தில் மந்தமாக ஒலித்த இரண்டு இடங்களைச் சோக்கட்டியால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். இன்னும் கசியவில்லை. வரும் கச்சானில் அவற்றை வெட்டுவதாக இருக்கிறோம். இந்த முறை கிரைண்டர் என்னிடம், கலவையும் ரோலரும் அவரிடம்.